முருங்கை விதையும் டிடிஎஸ் மீட்டரும்

இந்த வருடமும் ஒரு முருங்கை விதை ப்ராஜெக்ட் பார்த்தாயிற்று. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகப் போகும் வேதியியல் ஆசிரியர் யாரும் இதிலிருந்து தப்ப முடியாது. கலங்கிய குளத்து நீரில் விதைப் பொடியைக் கலக்கி, தெளியவிட்டு, முன்னும் பின்னும் அளந்து காட்டுவார்கள். நல்ல தலைப்புதான். ஆனால் இந்தப் பிள்ளைகள் அளந்தது டிடிஎஸ் மீட்டரால். பொடி போடுமுன் 420, போட்டபின் 435. பீக்கரில் நீர் பளிச்சென்று நிற்கிறது, மீட்டரோ கூடிவிட்டது என்கிறது. முடிவுரையில் 'நீர் சுத்திகரிக்கப்பட்டது' என்று எழுதிவிட்டு, அட்டவணைப் பக்கத்தை நான் புரட்டக்கூடாதே என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

டிடிஎஸ் மீட்டர் நீரின் மின்கடத்தும் திறனைப் பார்த்துக் கரைந்த உப்பைக் கணக்கிடும் கருவி. கரையாமல் மிதக்கும் களிமண் அதற்குத் தெரியாது. முருங்கை விதையின் புரதம் அந்தக் களிமண் துகள்களைத்தான் திரட்டி அடியில் படியவைக்கிறது. ஆக, அளந்திருக்க வேண்டியது கலங்கலை. பரிசோதனைக்கு முன்பு ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து படித்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

அவர்கள் பின்னணி ஆய்வு எழுதாமல் இல்லை. ஸ்பைரல் பைண்டிங் போட்ட அறிக்கையில் பாதி அதுதான். முருங்கையின் தாவரவியல் பெயர், குடும்பம், இலையில் உள்ள இரும்புச்சத்து, பூமிப்பரப்பில் 71 சதவீதம் நீர் என்ற வரி, வான்சிறப்பிலிருந்து ஒரு குறள். எல்லாம் சரியான தகவல்தான். பரிசோதனைக்கு எது உதவியது? ஒரு வரிகூட இல்லை.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். பின்னணி ஆய்வு என்றால் தலைப்பில் உள்ள பொருளைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் திரட்டுவது என்று யாரோ நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். அதனால்தான் பரிசோதனையெல்லாம் முடிந்து, கண்காட்சிக்கு முந்தைய வாரம் டிடிபி கடையில் அது 'தயாராகிறது'. கல்யாணம் முடிந்தபின் ஜாதகம் பார்ப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. முன்பே செய்ய வேண்டிய வேலை இது. நான் எதை மாற்றப்போகிறேன், எதை அளக்கப்போகிறேன், எந்தக் கருவியால் அளப்பது, இதற்கு முன் யார் என்ன கண்டார்கள், எனக்கு என்ன கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறேன்? இவற்றுக்குப் பதில் தராத பத்தியை அடித்துவிடுங்கள். முருங்கைக்கீரையின் இரும்புச்சத்து முதலில் போகும். குறளும் போகும், வள்ளுவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம் பக்கமே நிரம்பாதே என்று கவலைப்பட வேண்டாம். இதே தலைப்பைத் தோண்டினால் எவ்வளவு வருகிறது பாருங்கள். சூடானில் நைல் நதியின் கலங்கல் நீரைப் பெண்கள் முருங்கை விதையால் தெளியவைத்ததை 1970களிலிருந்து ஆராய்ந்து எழுதியவர் சமியா அல் அசாரியா ஜான். விதைப்பொடி அளவுக்கு மிஞ்சினால் கலங்கல் மறுபடி கூடலாம். அதனால் ஒரே அளவைப் போட்டுப் பார்த்து நிறுத்தக்கூடாது. லிட்டருக்கு 50, 100, 150, 200 மில்லிகிராம் என்று தனித்தனிப் பாத்திரங்களில் போட்டுப் பார்க்க வேண்டும். குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரத்தின் அளவை இப்படித்தான் முடிவுசெய்கிறார்கள், ஜார் டெஸ்ட் என்பார்கள். பொடியின் கரிமப்பொருள் நீரில் தங்கிவிடுவதால், தெளிந்த நீரை நாள்கணக்கில் வைத்திருந்தால் கெட்டுப்போகும். தெளிந்த நீரெல்லாம் கிருமி நீங்கிய நீரும் இல்லை. பார்த்தீர்களா, படிக்கப் படிக்கப் பரிசோதனையே மாறுகிறது. படிகாரம் போட்ட பாத்திரம் ஒன்று, எதுவும் போடாத பாத்திரம் ஒன்று என்று ஒப்பீடு தானாக வந்துவிடும்.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500-ஐ ஒருமுறை பிரித்துப் பார்த்திருந்தாலே போதும். கலங்கலுக்கு ஒரு வரிசை: 1 என்.டி.யு. (கலங்கலை அளக்கும் அலகு), வேறு நீராதாரம் இல்லையென்றால் 5 வரை. கரைந்த திடப்பொருளுக்கு, அதாவது டிடிஎஸ்ஸுக்கு, வேறு வரிசை: லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லையென்றால் 2000 வரை. இரண்டும் வேறு வேறு என்று அந்த அட்டவணையே சொல்லிவிடும். கலங்கல்மானி இல்லையா? உயரமான கண்ணாடிக் குழாயின் அடியில் கறுப்புப் பெருக்கல் குறி போட்ட வெள்ளைத்தாளை வையுங்கள். நீரை மெல்ல ஊற்றி, மேலிருந்து பார்க்கையில் குறி எந்த உயரத்தில் மறைகிறது என்று ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். காசு செலவில்லை.

எங்கே தேடுவது? முதலில் உங்கள் பாடநூல், அடுத்து மேல்வகுப்புப் பாடநூல். விக்கிப்பீடியா பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிடாமல் அடியில் உள்ள மேற்கோள்களுக்குப் போங்கள். ஆய்வுக்கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் முழுக்கட்டுரை புரியாவிட்டாலும் சுருக்கத்தையும் அட்டவணையையும் ஆசிரியரோடு உட்கார்ந்து படித்துவிடலாம். பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து நீரைத் தெளியவைத்த பாட்டி வீட்டில் இருந்தால், அவரிடமும் கேட்டு, யார், எந்த ஊர், எந்தத் தேதியில் சொன்னார் என்று எழுதுங்கள். அதுவும் ஆதாரம்தான். வாட்ஸ்அப் ஃபார்வர்ட் கிடையாது.

சாட்ஜிபிடி பற்றி ஒரு வார்த்தை. ஆதாரம் கேட்டால், இல்லாத கட்டுரைக்குக்கூடத் தலைப்பும் ஆசிரியர் பெயரும் ஆண்டும் ஜோராகப் போட்டுக் கொடுக்கும். நீங்கள் திறந்து பார்க்காத ஒன்றைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். 'இதில் என்ன படித்தாய் தம்பி?' என்று நடுவர் ஒரு கேள்வி கேட்டால் முடிந்தது கதை.

படிக்கும்போதே நோட்டில் புத்தகப் பெயர், ஆசிரியர், ஆண்டு, பக்கம் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் தேடினால் கிடைக்காது. படித்ததை மூடிவைத்துவிட்டு உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதினால் அது நகல்தான்.

வழிகாட்டி ஆசிரியர்களுக்கு: இரண்டு பக்கமானாலும் பின்னணி ஆய்வு கைக்கு வந்தபிறகே ஆய்வகச் சாவியைக் கொடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தயவுசெய்து நீங்கள் டைப் அடித்துத் தராதீர்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளையின் அறிக்கையில் முனைவர் பட்ட நடை இருந்தால் முதல் பத்தியிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். அடித்தல் திருத்தலோடு பிள்ளையின் கையெழுத்திலேயே இருக்கட்டும். அதற்காக நான் மதிப்பெண் குறைத்ததில்லை.