வாத்துக்கு யாராவது ஷாம்பூ போடுவார்களா?

முடிச்சூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். கார்த்திகை மழை விட்ட மறுநாள், தெருமுனைக் காலி மனையில் தேங்கியிருந்த தண்ணீரில் ஒற்றை வாத்து ஒன்று மிதந்துகொண்டிருந்திருக்கிறது. யாருடையது என்று தெரியவில்லை. இரண்டு நாள் தெரு நாய்களுக்குத் தப்பித்து, மூன்றாம் நாள் இவர் வீட்டு கேட்டுக்குள் நுழைந்து, பைக் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்துகொண்டதாம். உடம்பெல்லாம் சாக்கடை நாற்றம். இவர் பாவம் பார்த்து, குழந்தைக்குப் போடும் ஷாம்பூவைப் போட்டு இரண்டு முறை தேய்த்துக் குளிப்பாட்டி, பெரிய பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பி அதில் விட்டிருக்கிறார். "ஜாலியாக நீந்தும் என்று பார்த்தால், நனைந்த கோணிப்பை மாதிரி அமிழ ஆரம்பித்துவிட்டது சார். தூக்கி வெளியே வைத்தால் வெடவெடவென்று நடுங்குகிறது. வாத்துக்கு நீச்சல் மறந்துபோகுமா?"

மறக்காது. ஆனால் கால் துடுப்புப் போட்டால் மட்டும் போதாது, உடம்பு மிதக்கவும் வேண்டும். அந்த வேலையில் பெரும்பங்கு இறகினுடையது. ஷாம்பூ அங்கேதான் கை வைத்துவிட்டது.

இறகில் தண்ணீர் ஒட்டாததற்கு என்ன காரணம் என்று எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டாலும், "வாத்து உடம்பில் எண்ணெய் இருக்கிறது" என்று பதில் வரும். பாதி சரி. எண்ணெய் இருந்தாலே போதுமென்றால், தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு மழையில் போகிறவருக்கு முடி நனையக் கூடாதே? நனைகிறது. அப்படியானால் எண்ணெயோடு இன்னொன்றும் இருக்க வேண்டும்.

அதைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். கீழே கிடக்கும் ஒரு வாத்து இறகை எடுத்து, நடுத்தண்டிலிருந்து கிளம்பும் இழைகளை விரலால் பிரித்துவிடுங்கள். இறகு கிழிந்த மாதிரி ஆகிவிடும். இப்போது அடியிலிருந்து நுனி நோக்கி இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெல்ல நீவுங்கள். கிழிசல் மறைந்து, மறுபடி முழு இறகு! ஒவ்வொரு இழையிலிருந்தும் இரு பக்கமும் நுண்ணிழைகள் கிளம்புகின்றன. ஒரு பக்கத்து நுண்ணிழைகளில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள், அடுத்த இழையின் நுண்ணிழைகளில் அந்தக் கொக்கிகள் மாட்டிக்கொள்ள வாகான விளிம்பு. பேன்ட் ஜிப் மாதிரி மாட்டிக்கொள்கின்றன. எனக்குத் தெரிந்து, பிய்த்துவிட்டு நீவினாலே சரியாகிற துணியை மனிதர்கள் இன்னும் நெய்யவில்லை. நான் இந்த விளையாட்டை நாற்பது வயதுக்கு மேலும் விடவில்லை.

கொக்கி மாட்டிய இறகு என்பது உண்மையில் மிக நெருக்கமான ஒரு வலை. வலை என்றால் ஓட்டை இருக்கும். அந்த ஓட்டைகளில் காற்று இருக்கிறது. மேலே ஒரு நீர்த்துளி விழுந்தால் இழைகளின் முதுகை மட்டும்தான் தொடுகிறது, மற்ற இடமெல்லாம் காற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இழை மேல் மெழுகுத்தன்மை இருப்பதால் துளி அதைச் சுற்றி வழிந்து உள்ளே இறங்குவதில்லை. தண்ணீருக்கு இருக்கும் பரப்பு இழுவிசை அதை உருண்டையாகவே பிடித்து வைத்திருக்கிறது. வழவழப்பான மெழுகுப் பரப்பில் விழும் துளி, பரப்போடு ஏறத்தாழ 110 பாகைக் கோணம் வைக்கும். அதே மெழுகை இடைவெளி விட்ட இழைகளின் மேல் பூசினால் கோணம் இன்னும் கூடி, துளி முத்தாகத் திரண்டு உருண்டோடிவிடும். தாமரை இலைத் தண்ணீர் என்கிறோமே, அங்கேயும் நடப்பது இதுதான். இழைகளுக்குப் பதில் மெழுகு படிந்த நுண்ணிய மேடுகள்.

இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் காஸி, பாக்ஸ்டர் என்ற இருவர், 1944-ல். அவர்கள் பறவை ஆராய்ச்சியாளர்கள் இல்லை. இங்கிலாந்தில் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். மெல்லிய கம்பிகளில் மெழுகு பூசி, இடைவெளி விட்டு வரிசையாகக் கட்டி, அதில் துளி எப்படி உட்காருகிறது என்று அளந்தார்கள். வாத்து இறகின் ரகசியம் ஏதோ அற்புத எண்ணெயில் இல்லை, இழைகளின் அமைப்பில் இருக்கிறது என்று அந்தக் கணக்கு காட்டியது. உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போது வாத்து இறகைப் பற்றி யோசிக்க ஒரு நிறுவனம் ஆள் வைத்திருந்தது. இன்று நம் ஊரில் ஒரு ஆராய்ச்சி மாணவி இதே திட்டத்தோடு நிதி கேட்டுப் போனால், விண்ணப்பத்தில் 'சமூகப் பயன்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவாள் என்று நினைத்துப் பார்க்கிறேன். தண்ணீர் ஒட்டாத துணி, கறை படியாத பூச்சு என்று யார் பேசினாலும் அந்த இருவர் பெயரில்தான் இன்றும் சமன்பாடு.

சரி, ஷாம்பூ என்ன செய்தது? மெழுகைக் கொஞ்சம் எடுத்துவிட்டது. அதைவிட மோசம், சரியாக அலசப்படாமல் இழைகளுக்கிடையே தங்கிவிட்டது. சோப்பு எதுவானாலும் தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும். உருண்டையாக நிற்க வலுவில்லாத தண்ணீர், ஓட்டைகளுக்குள் வழிந்து காற்றைத் துரத்திவிடுகிறது. காற்று போனதும் மிதப்பும் போயிற்று, கதகதப்பும் போயிற்று. வாத்தின் உடல்வெப்பம் 41 டிகிரிக்கு மேல். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நடுங்காமல் என்ன செய்யும்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது உடலெங்கும் கறையோடு நின்ற கூழைக்கடாக்களுக்கும் இதே கதிதான். அங்கே இழைகளை எண்ணெய் ஒட்டவைத்து வலையைக் குலைத்தது. எண்ணெய் படிந்த பறவையைச் சோப்புப் போட்டுத்தான் கழுவுவார்கள். ஆனால் நிபுணர்கள் கழுவும்போது, சோப்பு முழுக்கப் போகும்வரை அலசுவதைத்தான் முக்கியமான வேலையாக வைத்திருப்பார்கள்.

எனவே வாசகிக்கு நான் சொன்னது: வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள், பழைய துண்டால் ஒற்றி எடுங்கள், காற்றடிக்காத இடத்தில் வைக்கோலோ சாக்கோ போட்டு விடுங்கள். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். மீதி வேலை அதனுடையது.

அதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். வாத்து தலையை முழுக்கத் திருப்பி, வால் முளைக்கும் இடத்துக்கு மேலே அலகை வைத்துத் தேய்க்கும். அங்கே சின்ன முலைக்காம்பு மாதிரி ஒரு எண்ணெய்ச் சுரப்பி. அலகில் பட்டதை நெஞ்சில் தடவும். கன்னத்தையும் பின்தலையையும் சுரப்பியிலேயே உருட்டி எடுத்து முதுகில் தேய்க்கும். பிறகு ஒவ்வொரு இறகாக அலகுக்குள் வாங்கி, அடியிலிருந்து நுனிவரை இழுக்கும். நாம் விரலால் நீவினோமே, அதே வேலை. பிரிந்த கொக்கிகளை மாட்டுகிறது. எண்ணெய் இறகை வறண்டு ஒடியாமல் வைத்திருக்கிறது. இந்தக் கோதல் நடக்க அதற்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும். நீச்சல் குளமெல்லாம் வேண்டாம்; தலையும் மூக்குத் துவாரமும் மூழ்கும் ஆழத்தில் ஒரு பேசின் போதும். முதல் சில நாள் டப்பில் ஐந்து நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். ஏறி வர ஒரு செங்கல் வையுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் அது வீட்டு வாத்துதானா என்று பாருங்கள். கறுத்த அலகின் நுனி மஞ்சளாகவும் அடியில் சிவப்புப் புள்ளியும் இருந்தால் அது புள்ளிமூக்கு வாத்து, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பக்கம் சாதாரணமாகத் திரியும் காட்டுப் பறவை. வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது, வனத்துறையைக் கூப்பிடுங்கள். வீட்டு வாத்து என்றால் அறுவடை வயலில் மேயும் மந்தையிலிருந்து பிரிந்ததாக இருக்கலாம், அக்கம்பக்கம் விசாரியுங்கள். தூக்கும்போது காலைப் பிடிக்காதீர்கள், எளிதில் முறியும். இரண்டு சிறகையும் உடம்போடு சேர்த்து அணைத்துத் தூக்குங்கள். பிரெட், மிக்சர் வேண்டாம். ஊறவைத்த நெல் அல்லது அரிசி, நறுக்கிய கீரை, அசோலா என்ற நீரில் மிதக்கும் பாசி போன்ற செடி, தோட்டத்து நத்தை எல்லாம் தின்னும். தீனிக்குப் பக்கத்திலேயே தண்ணீர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கைக் கண்ணில்கூடக் காட்டாதீர்கள். 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் செத்ததும், வாத்துக் குஞ்சுகள் செத்ததும் அப்படிப்பட்ட கடலைத் தீவனத்தால்தான். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு அதிலிருந்துதான் கண்டுபிடிக்கப்பட்டது. வெறும் சிமென்ட் தரையிலேயே நின்றால் பாதத்தில் புண் வரும். இரவில் நாய், பூனை, கீரி நுழையாத கூண்டு. தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உங்கள் கைக்குச் சோப்புப் போடலாம், அதில் தப்பில்லை.

வாத்து தானாக வந்தால் வீட்டுக்குப் பணம் வரும் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னாராம். எதிர்வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை பற்றி விசாரித்திருக்கிறார். முதலாமவர் சொன்னது ஒருவகையில் சரி. பணம் வரும், தீவனக் கடைக்காரருக்கு.

ஆறாம் நாள் வாசகி ஒரு வீடியோ அனுப்பினார். டப்பில் வாத்து தலையை முக்கி எடுத்து முதுகில் தண்ணீரை வாரி இறைக்கிறது, துளிகள் முத்து முத்தாக உருண்டு விழுகின்றன. வாலில் மேல்நோக்கிச் சுருண்ட ஓர் இறகு தெரிந்தது; கம்மிய குரல் வேறு. அப்படியானால் ஆண். வைத்த பெயரை மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறேன். டப்புத் தண்ணீர் மாலைக்குள் கறுத்துவிடுகிறதே என்றார். தினமும் மாற்றுங்கள், பழையதை வாழைக்கு ஊற்றுங்கள், அருமையான உரம்.