ஆன்டெனாவை ‘அலைபெருக்கி’ என்னாதீர்கள்

‘உயர் ஆதாய வெளிப்புற அலைபெருக்கி.’ மொட்டை மாடியில் நட்டு 4ஜி ரவுட்டரோடு இணைக்கிற சாதாரண ஆன்டெனாவுக்கு இணையக் கடைகளின் தமிழ்ப் பக்கங்களில் ஓடிக்கொண்டிருக்கும் பெயர் இது. யூடியூப் விளக்கங்களிலும் இதே பெயர்தான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிற்று. இதில் ‘ஆதாயம்’ தப்பு, ‘அலைபெருக்கி’ அதைவிடப் பெரிய தப்பு. இலக்கணத்தை வைத்து இதைச் சொல்லவில்லை. அந்தப் பெயரை நம்பிப் பொருள் வாங்குகிறவருக்குக் கைக்காசு போகிறது.

முதலில் சொல்லின் பிறப்பு. ‘அன்டென்னா’ லத்தீன் சொல். பாயைத் தாங்கும் குறுக்குக் கழி என்று பொருள். நம் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம், குளச்சல் கரைகளில் பருமல் என்பார்களே, அதுதான். பூச்சியின் தலையில் நீண்டிருக்கும் உறுப்பை அரிஸ்டாட்டில் கிரேக்கத்தில் ‘கெராயா’, அதாவது கொம்பு என்றார். கிரேக்கத்தில் அதே சொல் பருமலையும் குறிக்கும். 15ஆம் நூற்றாண்டில் அவரை லத்தீனுக்குக் கொண்டுவந்த தியோடோர் காசா, பருமல் என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு ‘அன்டென்னா’ என்று எழுதினார். பிறகு கம்பியில்லாத் தந்தி வந்தது. உயரமான கழியில் கம்பியைக் கட்டி அலை அனுப்பிய இத்தாலியர்களிடம் அந்தக் கழிக்கும் அன்டென்னா என்றே பெயர் இருந்தது. அது கருவிக்கு ஒட்டிக்கொண்டது. ஆக, வேரில் இருப்பவை கொம்பும் கழியும். பெருக்குவது, வாங்குவது என்ற பொருளெல்லாம் அங்கே எங்கும் இல்லை.

இனி ‘பெருக்கி’க்கு வருவோம். மின்னணுவியலில் இது வரையறை உள்ள சொல். வெளியிலிருந்து மின்சாரம் எடுத்து, உள்ளே வரும் அலையின் ஆற்றலைக் கூட்டி வெளியே விடுவது பெருக்கி. தூர்தர்ஷன் காலத்தில் திருவனந்தபுரத்தை நோக்கித் திருப்பிய ஆன்டெனாவின் கம்பத்தில் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டி, வீட்டுக்குள் அடாப்டர் செருகுவார்கள். ‘பூஸ்டர்’ என்ற அந்தப் பெட்டிதான் பெருக்கி. அதன் மேலே நின்ற ஆன்டெனாவுக்கு எந்த அடாப்டரும் கிடையாது.

சந்தேகம் இருந்தால் ஒரு யாகி-உடா ஆன்டெனாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். 1926இல் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஷின்டாரோ உடாவும் ஹிடேட்சுகு யாகியும் வெளிக்கொண்டுவந்த அமைப்பு அது. மீன்முள் போல, நடுத்தண்டில் குறுக்காகக் கம்பிகள். பத்துக் கம்பி இருந்தால் கேபிள் போய்ச் சேர்வது ஒரே ஒரு கம்பியில்தான். மற்ற ஒன்பதும் கேபிளோடு தொடர்பே இல்லாத வெறும் அலுமினியத் துண்டுகள். பின்னால் சற்று நீளமாக நிற்கும் ஒன்று அலையை முன்பக்கம் திருப்பிவிடும்; முன்னால் சற்றுக் குட்டையாக நிற்பவை அதை ஒரே திசைக்கு ஒடுக்கும். வெளியிலிருந்து மின்சாரமே கொடுக்காத அலுமினியம் எதைப் பெருக்கும்?

முட்டம் கலங்கரை விளக்கம் கடலுக்குள் நெடுந்தூரம் தெரிகிறது. நாலாபக்கமும் சிதறவேண்டிய வெளிச்சத்தை அங்குள்ள கண்ணாடி வில்லைகள் ஒரு கற்றையாகக் குவிக்கின்றன. விளக்கின் ஆற்றல் ஒரு துளிகூடக் கூடுவதில்லை. கற்றை படும் இடத்தில் வெளிச்சம் அதிகம், படாத இடத்தில் இருட்டு. ஆன்டெனா செய்வதும் இந்த வேலையைத்தான். ஆங்கிலத்தில் கெயின் என்றும் கடைப் பக்கங்களில் ‘ஆதாயம்’ என்றும் சொல்கிறார்களே, அது இந்தக் குவிப்பின் அளவு. எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பும் ஒரு கற்பனை ஆன்டெனாவை ஒன்று என்று வைத்து, அதோடு ஒப்பிட்டுச் சொல்வதே டிபிஐ. 3 டிபிஐ என்றால் அந்தத் திசையில் இரு மடங்கு, 10 டிபிஐ என்றால் பத்து மடங்கு. மற்றத் திசைகளிலிருந்து எடுத்துத்தான் இந்தத் திசைக்குக் கொடுக்க முடியும். இதை ஆதாயம் என்றால் முதலுக்கு மேலே ஏதோ கிடைத்தது போல ஒலிக்கிறது. கடைக்கணக்குச் சொல்லை அகராதியில் பார்த்து அப்படியே எடுத்து ஒட்டியதன் விளைவு. ‘குவிப்பு’ என்று எழுதுங்கள். ‘10 டிபிஐ குவிப்பு’ என்று வாசித்த மாத்திரத்தில், ‘அப்படியானால் எந்தப் பக்கம் திருப்பணும்?’ என்ற கேள்வி தானே எழும். எழவேண்டிய கேள்வி அதுதான்.

பெருக்கி என்று சொன்னால் அந்தக் கேள்வி எழாது. ஒலிபெருக்கியைப் போல எங்கே வைத்தாலும் வேலை செய்யும் என்று நினைத்து, சன்னல் கம்பியில் கட்டி, டவருக்கு முதுகு காட்டி வைத்துவிட்டு, ‘ரேஞ்சு கிட்டல்ல’ என்கிறார்கள். இன்னொரு பக்கம், உள்ளங்கை அகலப் பட்டையில் ‘50 டிபிஐ’ என்று அச்சடித்து விற்கிறார்கள். 2400 மெகாஹெர்ட்ஸில் 24 டிபிஐ குவிக்கவே ஏறக்குறைய 60க்கு 90 சென்டிமீட்டர் கம்பிவலைத் தட்டு வேண்டும். குவிப்பு என்ற சொல் மனத்தில் இருந்தால், இவ்வளவு சின்னப் பொருள் அவ்வளவு எப்படிக் குவிக்கும் என்று கேட்கத் தோன்றும். பெருக்கிக்கு அளவு வரம்பு கிடையாது. எவ்வளவு சொன்னாலும் நம்பிவிடலாம்.

கேபிள் கணக்கும் இங்கேதான் தப்பிப்போகிறது. மலிவான ஆர்ஜி-58 கேபிள் 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மீட்டருக்கு ஏறக்குறைய 1 டெசிபெல் (டிபிஐ கணக்கின் அதே அலகு) தின்னும். மாடியிலிருந்து கீழறைக்கு 10 மீட்டர் இழுத்தால் 10 டெசிபெல் போயிற்று. ஆன்டெனா குவித்தது 10, கேபிள் தின்றது 10. சுவருக்கு வெளியே உயரத்தில் நிற்பதால் வரும் நன்மை மட்டும் மிஞ்சும். தடித்த எல்எம்ஆர்-400 கேபிளில் அதே 10 மீட்டருக்கு இழப்பு 2.2 டெசிபெல் அளவில் நிற்கும். அதைவிட நல்ல வழி, ரவுட்டரையே மேல்மாடியில் மழை படாத பெட்டியில் ஆன்டெனாவுக்கு ஒரு மீட்டருக்குள் வைத்து, அங்கிருந்து ஈதர்நெட் கேபிளில் கீழே கொண்டுவருவது. ஈதர்நெட் 100 மீட்டர் வரை போகும், ரேடியோ இழப்பு என்ற பேச்சே அதில் இல்லை.

‘கூடத்தான் செய்கிறது, ரவுட்டரில் சிக்னல் கோடு கூடுகிறதே, பெருக்கி என்றால் என்ன குறைந்துவிடும்?’ என்று வாதிடுவார்கள். குறையும். பெருக்கி, வந்த அலையோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். நாகர்கோவில் நகருக்குள் பல இடங்களில் கோடு நிறைந்திருக்கும், வேகம் வராது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் (பெரும்பாலும் 192.168.1.1) போய்ப் பார்த்தால் ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 85 என்று நன்றாகவே இருக்கும். எஸ்ஐஎன்ஆர் மட்டும் 2, 3 என்று கிடக்கும். முதலாவது வலிமை, இரண்டாவது இரைச்சலுக்கு மேல் அலை எவ்வளவு தெளிவாக நிற்கிறது என்பது. எஸ்ஐஎன்ஆர் 20ஐத் தொட்டால் மிக நல்லது, பூச்சியத்துக்குக் கீழே போனால் இணையம் நொண்டும். இந்த நோய்க்குப் பெருக்கி மருந்தாகாது. ஒரு டவரை நோக்கிக் குவித்து மற்ற டவர்களுக்கு முதுகு காட்டும் ஆன்டெனாதான் மருந்து. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் இதை எப்படி விளக்குவது?

சட்டமும் இரண்டையும் வேறாகத்தான் பார்க்கிறது. அலையை வாங்கிப் பெருக்கி மீண்டும் பரப்புகிற மொபைல் பூஸ்டரை உரிமம் இல்லாமல் வைப்பது குற்றம். 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் முதல் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வரை நிலை இதுவே. பூஸ்டரின் வெளி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் ஒன்றையொன்று கேட்டுவிட்டால், மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனதுபோல அந்தக் கருவி ஊளையிட்டு, அந்த வட்டாரத்து டவரையே இரைச்சலில் மூழ்கடிக்கும். இதற்குத்தான் அலைபெருக்கி என்ற பெயர் பொருந்தும். ரவுட்டரில் திருகும் ஆன்டெனாவுக்கும் அதே பெயரைக் கொடுத்தால், ஒன்றைக் கேட்டவர் கையில் மற்றது வந்து விழும்.

‘அலைவாங்கி’ என்பவர்கள் உண்டு. ஒலிவாங்கியின் சாயலில் வந்த சொல். கேட்க இனிமை, வானொலிப் பெட்டிக்குப் பொருத்தம். வீட்டு இணையத்துக்கு அது பாதி உண்மைதான். ரவுட்டர் வாங்குவதோடு நிற்பதில்லை, பேசவும் செய்கிறது. டவர் பல பத்து வாட்டில் பேசும். 4ஜி ரவுட்டரோ பொதுவாக அதிகபட்சம் 0.2 வாட்டில்தான் பேசும். மலையோரத்தில் முதலில் தடுமாறுவது ரவுட்டர் பேசும் இந்தப் பக்கம்தான்: கோடு தெரியும், இணையப் பக்கம் திறக்காது. நல்ல ஆன்டெனா போகும் அலையையும் அதே அளவுக்குக் குவிப்பதால்தான் இது சரியாகிறது. வாங்கி என்ற பெயர் இந்தப் பாதியை மூடி மறைக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘அலைக்கம்பம்’ என்றால் தாங்கி நிற்கும் கம்பத்தை என்ன சொல்வது? ‘கம்பத்தில் அலைக்கம்பத்தைக் கட்டுக’ என்றா? ‘வான்கம்பி’ பழைய ரேடியோவோடு போய்விட்டது. இன்றைய ஆன்டெனா பலகையில் அச்சிட்ட செப்புத் தகடாகவும் இருக்கிறது. ‘உணர்கொம்பு’ பூச்சிக்கு மிகச் சரி, கருவிக்குச் சரியில்லை, ஏனென்றால் அதுவும் ஒருவழிச் சொல்.

என் பரிந்துரை ‘அலைக்கொம்பு’. கொம்பு மரக்கிளையையும் குறிக்கும், மாட்டின் கொம்பையும் குறிக்கும், கொடி பற்றும் கழியையும் குறிக்கும். மேலே நீட்டி நிற்பது என்ற ஒரே படிமம். வாங்குவதா, விடுவதா என்ற வழக்கில் அது தலையிடாது. கிரேக்கத்தில் தொடங்கிய கொம்புக்கே திரும்பி வந்துமாயிற்று. இதற்கு ஒரு மறுப்பு உண்டு: ஆன்டெனாவில் கொம்பு வடிவம் என்றே ஒரு வகை இருக்கிறதே, அதை என்ன சொல்வது? அது ஊதும் கொம்பின் வாயைப் போல விரிந்தது; ‘ஊதுகொம்பு வகை’ என்றால் குழப்பம் தீரும்.

தமிழாக்கியே தீரவேண்டும் என்ற வைராக்கியம் எனக்கு இல்லை. பேச்சில் ஆன்டெனா என்றே சொல்லுங்கள், ரவுட்டர், கேபிள் என்று சொல்வதுபோல. ஆனால் தமிழில் ஒரு பெயர் வைக்கிறோம் என்று வந்துவிட்டால், பொருளைத் தொட்டுப் பார்த்து வைக்கவேண்டும். இப்போதைய மொழிபெயர்ப்பாளர்கள் பலர் ஆங்கில வாக்கியத்தை இயந்திரத்தில் கொடுத்து, வந்ததை வாசித்துப் பார்க்காமலே ஏற்றிவிடுகிறார்கள். ‘ஆண் இணைப்பி’, ‘பெண் இணைப்பி’ என்று எழுதும் அவர்கள், எந்தத் துளையில் எதைத் திருகவேண்டும் என்று எழுதுவதில்லை. சேதம் நடப்பது அங்கேதான். ரவுட்டரின் வைஃபை ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு அந்த வாயில் 4ஜி ஆன்டெனாவைத் திருகுகிறார்கள். வைஃபை வாய் பெரும்பாலும் ஆர்பி-எஸ்எம்ஏ என்ற வகை, 4ஜி வாய் எஸ்எம்ஏ என்ற வகை. மரை ஒன்றாகவே இருப்பதால் திருகு ஏறிவிடும். நடுவில் ஒரு பக்கம் ஊசியும் மறுபக்கம் துளையும் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் ஊசியாக வந்து நிற்கும். 4ஜி வாய்கள் இரண்டு இருந்தால் இரண்டுக்கும் கேபிள் போகவேண்டும். ஒன்றை மட்டும் இணைத்தால், இரட்டைத் தடத்தில் ஓடவேண்டிய தரவு ஒற்றைத் தடத்துக்குச் சுருங்கிவிடும்.

சரியான சொல் இந்த மாவட்டத்தில் வாங்கும்போதே உதவும். ஆறுகாணி, கடையாலுமூடு பக்கத்து மலை மடிப்புகளில் டவர் நேராகக் கண்ணில் படாது. அலை சரிவுகளில் பட்டுச் சிதறி வரும். அங்கே 10 பாகைக்கு ஒடுங்கிக் குவிக்கும் தட்டைவிட, 60 பாகை அகலத்துக்குக் குவிக்கும், தட்டையான பட்டை வடிவம் நல்லது. ரப்பர் தோட்டத்துக்குள் வீடு என்றால், தை மாதம் இலை உதிர்ந்து கிடக்கும்போது திசை பார்த்து நடவேண்டாம். தளிர் விட்டு அடர்ந்து, மழையில் நனைந்து நிற்கும்போது கிடைக்கும் எண்ணே மெய்யான எண். ஆரல்வாய்மொழிக் காற்றில் மூடிய தட்டு நிற்காது, கம்பிவலைத் தட்டுதான் நிற்கும். ஒடுங்கிய குவிப்பு என்பதால் காற்றில் ஐந்து பாகை திரும்பினாலே பலன் பாதியாகும், ஆகவே கம்பத்துக்கு மூன்று பக்கமும் இழுகம்பி வேண்டும். கடற்கரையில் உப்பு மூன்றே மழையில் இணைப்புக்குள் புகுந்து பச்சை பிடிக்க வைக்கும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றி, கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு வளைவு தொங்கவிடவேண்டும், தண்ணீர் அங்கே சொட்டிவிடும். இடி தொடங்கும் முன்பே கேபிளைக் கழற்றிவிடவேண்டும். கம்பத்துக்கு எர்த் இல்லாமல் எதுவும் நடக்கூடாது.

அந்த விற்பனைப் பக்கத்தில் இருக்கவேண்டியது இதுதான்: ‘4ஜி வெளிப்புற அலைக்கொம்பு, பட்டை வடிவம். குவிப்பு 10 டிபிஐ, அகலம் 60 பாகை. வலப்பக்கமும் இடப்பக்கமும் 45 பாகை சாய்ந்த இரண்டு உறுப்புகள், இரண்டு கேபிள், எஸ்எம்ஏ ஊசி முனை. மின்சாரம் தேவையில்லை. முகப்பை டவர் நோக்கித் திருப்பி, எஸ்ஐஎன்ஆர் எண் அதிகமாகும் இடத்தில் இறுக்கவும்.’