ஒதுக்கி வைக்கப்படும் ஐம்பதாவது தண்டு

லாவோ ட்சு என்னும் சீன ஞானியின் பெயரால் வழங்கும், தாவோயியத்தின் அடிப்படை நூலான தாவோ தே சிங் உருவாவதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே, சீனாவின் சோ அரசமரபுக் காலத்தில், குறி பார்ப்பதற்கான கையேடாகத் தொகுக்கப்பட்டது ஐ சிங் என்னும் மாற்றங்களின் நூல். முழுக்கோட்டையும் நடுவில் முறிந்த கோட்டையும் ஆறு அடுக்காக வைத்தால் அமையும் 64 உருவங்களுக்கும், அவற்றிலுள்ள 384 கோடுகளுக்கும் சுருக்கமான குறிவாசகங்களைத் தருவதே அதன் மூலப்பகுதி. போர், திருமணம், பலி, ஆற்றைக் கடப்பது என அன்றைய கவலைகளையே பேசும் அவ்வாசகங்களில் தத்துவ விளக்கம் மிகக் குறைவு. பின்னாளில் தாவோயியர் இதை ஏன் தமதாக்கிக் கொண்டனர் என்பதை அறிய, உருவம் கணிக்கப்படும் முறையையே பார்க்க வேண்டும்.

நூலின் பிற்சேர்க்கையான பேருரை சுருக்கமாகக் கூறும் அம்முறையை, 12ஆம் நூற்றாண்டில் சூ சி என்னும் அறிஞர் படிப்படியாக விளக்கி நிலைநிறுத்தினார். ஒருவகை மூலிகைச் செடியின் உலர்ந்த தண்டுகள் 50 எடுத்து, ஒன்றைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுவார்கள். மற்ற 49ஐயும் எண்ணாமல் இரு குவியலாகப் பிரித்து, ஒன்றிலிருந்து ஒரு தண்டைத் தனியே வைத்து, இரு குவியல்களையும் நான்கு நான்காக எண்ணி, கடைசியில் எஞ்சுவதை அகற்றுவார்கள். மீதமின்றி முடிந்தால் கடைசி நான்கும் அகலும். தனியே வைத்ததையும் சேர்த்தால், முதல் சுற்றில் அகல்வது 5 அல்லது 9. மிஞ்சியவற்றை ஒன்றாக்கி இதேபோல் நடத்தும் அடுத்த இரு சுற்றுகளில் 4 அல்லது 8. இறுதியில் மிஞ்சுவதை நான்கால் வகுத்தால் 6, 7, 8, 9 ஆகியவற்றுள் ஒன்று வரும். அதுவே உருவத்தின் கீழ்க்கோட்டைத் தரும். ஆறு கோடுகளுக்கும் இவ்வாறு 18 முறை பிரித்தெண்ண வேண்டும்.

7, 9 என்பவை முழுக்கோடு, அதாவது இயங்கும் தன்மையான யாங். 6, 8 என்பவை முறிந்த கோடு, அதாவது அமைதித் தன்மையான யின். இவற்றுள் 7, 8 இரண்டும் இளமையானவை, நிலைத்து நிற்பவை. 9, 6 இரண்டும் முதிர்ச்சியின் எல்லையைத் தொட்டதால் எதிர்நிலைக்கு மாறுபவை. அவை மாறியதும் இரண்டாவதொரு உருவம் பிறக்கிறது. நிகழ்தகவைக் கணக்கிட்டால், 16 வாய்ப்புகளில் 6க்கு 1, 7க்கு 5, 8க்கு 7, 9க்கு 3 என அமைகிறது. ஆக, யாங்கும் யின்னும் சம அளவில் தோன்றினாலும், யாங் மாறுவதற்கான வாய்ப்பு யின் மாறுவதைப்போல் மூன்று மடங்கு. இயங்கும் தன்மை யாங்குக்கும் அமைதி யின்னுக்கும் உரியவை என்ற கருத்தோடு இந்தக் கணக்கு இவ்வளவு பொருந்தி வருவது உண்மையிலேயே வியப்புக்குரியது.

எல்லையைத் தொட்டது திரும்பும் என்பதே, உலகை இயக்கும் நெறியான தாவோவைப் பற்றிய சிந்தனையின் உயிர்நாடி. 'திரும்புதலே தாவோவின் இயக்கம்' என்கிறது தாவோ தே சிங். ஒரு யின், ஒரு யாங் என மாறி வருவதே தாவோ என்கிறது பேருரை. கி.மு. 168இல் மூடப்பட்டு 1973இல் அகழப்பட்ட சீனாவின் மாவாங்துய் கல்லறையில், பட்டுத்துணியில் எழுதிய ஐ சிங், தாவோ தே சிங் ஆகிய இரு நூல்களும் கிடைத்துள்ளன. 3ஆம் நூற்றாண்டில், 23 வயதிலேயே மறைந்த வாங் பி இரண்டுக்கும் உரை கண்டார். பயன்படாத அந்த ஒரு தண்டினாலேயே மற்ற 49இன் பயனும் நிறைவேறுகிறது என்று அவர் விளக்கினார். சக்கரத்தின் பயன் அதன் நடுவிலுள்ள வெற்றிடத்தில் இருக்கிறது என்ற லாவோ ட்சுவின் பார்வையே இங்கு எண்களுக்குள் நுழைகிறது. பிற்காலத் தாவோயியரோ இதே உருவங்களைக் கொண்டு உடலுக்குள் நிகழும் அகரசவாதத்தின் படிநிலைகளைக் குறித்தனர்.

பிறகு பரவிய, மூன்று நாணயங்களைச் சுண்டும் எளிய முறையில் 6க்கும் 9க்கும் சம வாய்ப்பே, எட்டில் ஒன்று. நேரம் மிச்சமாகிறது என்பது மெய்தான். ஆனால் யாங்குக்கும் யின்னுக்கும் இடையிலிருந்த அந்த நுட்பமான ஏற்றத்தாழ்வும், ஒதுக்கி வைப்பதற்கான தண்டும் அதில் இல்லை.