49 ஆல் அவுட் அன்னிக்கு நீ எங்கடா இருந்த?

2025 ஜூன் 3 ராத்திரி அகமதாபாத்ல ஐபிஎல் ஃபைனல், எங்க ஆர்சிபிக்கு, அதான் பெங்களூரு டீமுக்கு, ஹேசல்வுட் கடைசி ஓவர் போடறாரு, பஞ்சாபுக்கு 29 ரன் வேணும், ஷஷாங்க் சிங் வெளுத்துக்கிட்டு இருக்காரு ஆனா இனிமே முடியாதுன்னு கணக்கு தெரிஞ்சுபோச்சு, கோலி கண்ணுல தண்ணியோட நிக்கறாரு. இங்க ஓசூர்ல எங்க வீட்டு ஹால்ல நானும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான். 6 ரன்ல ஜெயிச்சோம். 2009 ஃபைனல்ல ஜோகன்னஸ்பர்க்ல டெக்கான் சார்ஜர்ஸ் கிட்ட தோத்ததும் இதே 6 ரன்லதான், அத எவனாவது நினைச்சு பார்த்திருப்பானான்னு யோசிச்சுக்கிட்டே போன எடுக்கறேன், சொந்தக்காரங்க குரூப்ல என் அத்தை பையன் சிவப்பு ஜெர்சி போட்டு ஒரு போட்டோ, கீழ "ஈ சாலா கப் நம்து", இந்த தடவ கப்பு நம்மளதுன்னு கன்னடத்துல எங்க ஆர்சிபி கோஷம். அவன் ஏப்ரல் மாசம் வரைக்கும் சென்னைக்கு விசில் போட்டுக்கிட்டு இருந்தவன். அந்த வருஷம் சென்னை பட்டியல்ல கடைசி இடம்.

எனக்கு சுர்ருன்னு ஏறுச்சு. 18 வருஷத்துல கிடைச்ச ஒரே சந்தோஷம், அதுல பத்தாவது நிமிஷமே நான் இன்னொருத்தன் போட்டோவ பார்த்து பல்ல கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

மறுநாள் சின்னசாமி ஸ்டேடியம் வாசல்ல நெரிசல்ல 11 பேர் செத்துப்போனாங்க. அதுக்கப்புறம் கொஞ்ச நாளைக்கு யார் பழைய ஃபேன் யார் புது ஃபேன்னு பேசவே வாய் வரல. ஆனா ஒரு மாசம் கழிச்சு அவன அதே ஜெர்சியில ஒரு கல்யாணத்துல பார்த்தப்போ அந்த எரிச்சல் அப்படியே திரும்ப வந்துச்சு. இவ்வளவுக்கு அப்புறமும் போகாத ஒரு உணர்ச்சின்னா அது எங்கேர்ந்து வருதுன்னு தேடி படிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல அவன் பக்கம். கப்பு வந்ததும் வந்து ஒட்டிக்கிறது ஒண்ணும் புது வியாதி இல்ல. 1973-ல அமெரிக்காவுல ராபர்ட் சியால்டினின்னு ஒரு உளவியல் பேராசிரியரும் அவர் கூட இருந்தவங்களும் ஏழு யுனிவர்சிட்டியில ஒரு வேலை பண்ணாங்க. சனிக்கிழமை ஃபுட்பால் மேட்ச் நடக்கும், அவங்க ஊரு ஃபுட்பால், திங்கக்கிழமை கிளாஸ்ல எத்தன பேர் காலேஜ் பேர் போட்ட சட்டை போட்டு வர்றாங்கன்னு எண்ணாங்க, அவ்வளவுதான். ஜெயிச்ச வாரம் சட்டை அதிகம், தோத்த வாரம் கம்மி. அப்புறம் பசங்களுக்கு போன் போட்டு மேட்ச் பத்தி கேட்டா, ஜெயிச்ச மேட்ச்சுக்கு "நாம ஜெயிச்சோம்"னு சொல்றவங்க தோத்த மேட்ச்சுக்கு "அவங்க தோத்துட்டாங்க"ன்னு சொல்றாங்க. இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் என்னன்னா, போன்ல முதல்ல ஒரு சின்ன க்விஸ் மாதிரி வச்சு சில பேர்கிட்ட வேணும்னே "நீங்க சரியா பண்ணலியே"ன்னு சொல்லிருக்காங்க, அப்படி மூக்கு உடைஞ்சவங்கதான் ஜெயிச்ச டீம "நாம"ன்னு இன்னும் அதிகமா சொல்லி ஒட்டிக்கிட்டாங்க. அதாவது அடுத்தவன் வெளிச்சத்துல குளிர் காயறது, அதுவும் நமக்கு குளிரும்போது. என் அத்தை பையனுக்கு அந்த சீசன் சென்னையால நல்ல குளிர்.

இதுக்கு நேர் எதிர் பக்கத்தையும் பின்னாடி 80-கள்ல ஆராய்ஞ்சாங்க, தோக்கற கூட்டத்துலேர்ந்து நைசா நகர்ந்துக்கறது. இது ரெண்டையும் 1990-ல டேனியல் வானும் நைலா பிரான்ஸ்கோம்பும் ஃபேன்ஸ் மேல வச்சு பார்த்தாங்க. டீம் மேல ரொம்ப ஒட்டுதல் இருக்கறவன் ஜெயிச்சா மத்தவங்கள விட அதிகமா ஆடறான், ஆனா தோத்தா நகர மாட்டேங்கறான். அவனுக்கு உள்ள போற கதவு மட்டும்தான், வெளிய வர்ற கதவு இல்ல. கோயில் யானை மாதிரின்னு வச்சுக்கோங்க.

சரி, நகராம நின்னா என்ன ஆகுது? உடம்பு வாங்குது. 1994 உலகக்கோப்பை ஃபுட்பால் ஃபைனல், பிரேசில் இத்தாலி, மேட்ச்சுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஃபேன்ஸோட எச்சில எடுத்து டெஸ்டோஸ்டீரோன் அளந்திருக்காங்க. ஜெயிச்ச பிரேசில் ஃபேன்ஸுக்கு ஏறிருக்கு, இத்தாலி ஃபேன்ஸுக்கு இறங்கிருக்கு. மொத்தம் 21 பேர்தான், சின்ன ஆராய்ச்சி, இத வச்சு பெரிய கோட்டை கட்ட முடியாது, ஆனா சும்மா டிவி பார்த்த ஆளுக்கே அப்படின்னா என் கணக்க பாருங்க. 2011 சேப்பாக்கம் ஃபைனல், சென்னை கிட்ட 58 ரன்ல தோல்வி. 2016-ல கோலி ஒரே சீசன்ல 973 ரன், நாலு செஞ்சுரி, ஃபைனல்ல 209 துரத்தும்போது விக்கெட்டே விழாம 114, அந்த மேட்ச்ச எப்படி தோக்க முடியும்னு இன்னிக்கும் யாராவது எனக்கு சொல்லணும், 8 ரன்ல தோத்தோம். அப்புறம் 2017 ஏப்ரல் 23, ஈடன் கார்டன்ஸ், 49 ஆல் அவுட், 11 பேர்ல ஒருத்தர்கூட ரெண்டு இலக்கத்த தொடல. மறுநாள் ஆபீஸ்ல லிஃப்ட்ல ஏறினா "தம்பி 49-ஆவது மாடி அமுக்கு"ன்னானுங்க. எங்க ஆபீஸ் கட்டடத்துல மொத்தமே ஆறு மாடி.

இங்கதான் விஷயம் சூடு பிடிக்குது. இவ்வளவு வாங்கினவன் ஏன் இன்னும் கெட்டியா ஒட்டிக்கறான்? 1959-ல எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ்னு ரெண்டு பேர் கல்லூரி பொண்ணுங்கள ஒரு கலந்துரையாடல் குழுவுல சேர்த்தாங்க. சில பேருக்கு நுழைவுத் தேர்வே இல்ல, சில பேருக்கு லேசா, சில பேருக்கு மட்டும் ரொம்ப கூச்சமான வார்த்தைகளையும் பத்திகளையும் சத்தமா படிச்சு காட்டணும்னு வச்சாங்க. அப்புறம் எல்லாருக்கும் அந்த குழுவோட பேச்ச போட்டு காட்டினா அது வேணும்னே மொக்கையா செஞ்ச ரெக்கார்டிங். நேரா உள்ள வந்தவங்களும் லேசா தாண்டி வந்தவங்களும் அத மொக்கைன்னு சொல்ல, கூச்சப்பட்டு உள்ள வந்தவங்க மட்டும் நல்லாதான் இருக்குன்னாங்க. கொடுத்த விலை பெருசுன்னா வாங்கின சரக்கும் பெருசாத்தான் இருக்கணும்னு மூளை தானே கணக்க சரி பண்ணிக்குது. இல்லன்னா "நான் முட்டாளா"ங்கற கேள்வி வந்துடும், அது வரக்கூடாது.

இத ஃபேன்ஸ்கிட்டயே பார்த்தாங்க. ஆக்ஸ்போர்டுல ஹார்வி வைட்ஹவுஸ், மார்தா நியூசன் குழு, இங்கிலாந்து பிரீமியர் லீக்ல பத்து வருஷ கணக்குல நல்லா ஆடின அஞ்சு கிளப், மோசமா ஆடின அஞ்சு கிளப் எடுத்து 700-க்கும் மேல ஃபேன்ஸ்கிட்ட கேட்டாங்க. மான்செஸ்டர் யுனைடெட், ஆர்சனல் ஃபேன்ஸ விட ஹல், சண்டர்லேண்ட் மாதிரி அடி வாங்கற கிளப் ஃபேன்ஸ்தான் ஒருத்தருக்கொருத்தர் சொந்தக்காரங்க மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்தாங்க, சக ஃபேனுக்காக உயிர குடுப்பியான்னு கற்பனையா கேட்டதுக்கும் அவங்கதான் அதிகமா சரின்னாங்க. சேர்ந்து சிரிச்சத விட சேர்ந்து அழுததுக்கு பசை ஜாஸ்தி. சாவு வீட்டுல கூட நின்னவன நாம மறக்கறதில்லல்ல, அதேதான்.

இப்போ எரிச்சலுக்கு வருவோம். ஒரு கல்யாண வீட்ட எடுத்துக்கோங்க. ராத்திரி பூரா உக்காந்து தேங்காய் துருவி, வெங்காயம் உரிச்சு, அண்டா தூக்கி வச்சவன் ஒருத்தன். காலைல குளிச்சு பவுடர் போட்டு வந்து முதல் பந்தியில உக்கார்றவன் இன்னொருத்தன். சாப்பாடு ரெண்டு பேருக்கும் இருக்கு, ஆனாலும் வெங்காயம் உரிச்சவன் கண்ணு அவன் இலை மேலயே இருக்கும். மனுஷ மூளைக்கு ஓசியில திங்கறவன கண்டுபிடிக்கறதுல அலாதி ஆர்வம். எர்ன்ஸ்ட் ஃபெர், சைமன் கெக்டர்னு ரெண்டு பொருளாதார ஆளுங்க 2002-ல காட்டினது, எல்லாரும் காசு போட்டு பொதுவுல பிரிச்சுக்கற விளையாட்டுல காசு போடாம பங்கு மட்டும் எடுக்கறவன தண்டிக்க மத்தவங்க தன் கைக்காச செலவு பண்றாங்க, அதனால தனக்கு ஒரு பைசா திரும்பி வராதுன்னு தெரிஞ்சும். அல்டோ சிமினோ, ஆண்ட்ரூ டெல்டன்னு ரெண்டு பேர் 2010-ல இன்னும் ஒரு படி மேல போய், ஒரு கூட்டத்துல ஒருத்தர் "புதுசா சேர்ந்தவர்"னு சொன்னாலே போதும், அவர நம்பறது குறையுது, அவர் அதிகமா உழைக்கணும்னு எதிர்பார்க்கறாங்கன்னு எழுதினாங்க. அவன் ஒண்ணும் திருடல, புதுசா வந்தான், அவ்வளவுதான் குத்தம்.

ஆனா யோசிச்சா இந்த கணக்கு ஃபேன் விஷயத்துல இடிக்குது. முதலாவது, நான் வெங்காயமே உரிக்கல. 18 வருஷம் நான் சோஃபாவுல உக்காந்து கத்தினதுல ஒரு ரன் கூட ஏறல. ரெண்டாவது, என் அத்தை பையன் சந்தோஷப்பட்டா என் சந்தோஷம் ஒரு கரண்டி குறையப்போறதில்ல. அப்போ அவன் என் இலையிலேர்ந்து எத எடுத்தான்?

ஜெர்சிய எடுத்தான். அதோட அர்த்தத்த. ஸ்டான்ஃபோர்டுல ஜோனா பெர்கர், சிப் ஹீத்னு ரெண்டு பேர் ஒரு ஹாஸ்டல் பசங்களுக்கு அப்போ பிரபலமா இருந்த மஞ்ச ரப்பர் கைப்பட்டைய கொடுத்து போட வச்சாங்க. ஒரு வாரம் கழிச்சு பக்கத்துல இருக்கற படிப்ஸ் ஹாஸ்டல்லயும் அதே பட்டைய கொடுத்தாங்க. முதல் ஹாஸ்டல்ல போட்டிருந்தவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர் கழட்டிட்டாங்க. பட்டை அதே பட்டை, ரப்பர் அதே ரப்பர், ஆனா அத போட்டா "நான் யாரு"ன்னு சொல்றது மாறிப்போச்சு. 2025 மே மாசம் வரைக்கும் ஓசூர் பஸ் ஸ்டாண்டுல சிவப்பு ஜெர்சி போட்டு நின்னா "இவன் எவ்வளவு அடி வாங்கினாலும் நகராதவன், பைத்தியம், ஆனா நம்பலாம்"னு அர்த்தம். ஜூன் மாசத்துலேர்ந்து "கப்பு ஜெயிச்ச டீம் ஜெர்சி"ன்னு அர்த்தம். நான் 18 வருஷமா தவணை கட்டி வாங்கின ஒரு பேர் ஒரே ராத்திரியில எல்லாருக்கும் இலவசம்னு ஆயிடுச்சு. கப்பு எல்லாருக்கும் பொதுதான் சார், எனக்கு பிரச்சினை இல்ல, வலிக்கு இருந்த மதிப்புதான் இறங்கிப்போச்சு.

அதனாலதான் பழைய ஃபேன்ஸ் எல்லாம் கேள்வி கேக்க ஆரம்பிச்சிடறோம். "2017-ல எங்க இருந்த?" "எந்த வருஷத்துலேர்ந்து?" இது எந்த ஊர் ஃபேனுக்கும் பொது, மான்செஸ்டர் சிட்டி 1998-ல மூணாவது டிவிஷனுக்கு விழுந்த கிளப், 2008-ல அபுதாபி பணம் வந்து கப்பா குவிச்ச அப்புறம் எதிர் டீம் ஃபேன்ஸ் இன்னிக்கு வரைக்கும் அவங்கள பார்த்து பாடற பாட்டே நீங்க கேவலமா இருந்தப்போ எங்க இருந்தீங்கன்னுதான், அதுவும் அந்த மூணாவது டிவிஷன் சீசன்லயே சராசரியா 28,000 பேர் வந்த கிளப்ப பார்த்து. ஜெர்சி காசு கொடுத்தா கிடைக்கும், அதனால காசுக்கு கிடைக்காத அடையாளம் ஒண்ண கேக்கறோம், பட்ட அடிய ஞாபகத்துல வச்சிருக்கியான்னு.

நானும் கேட்டேன். அந்த கல்யாணத்துல பந்தி வரிசையில நிக்கும்போது. "2011 ஃபைனல்ல கெய்ல யாருடா தூக்கினா?" அவன் யோசிக்கவே இல்ல. "அஷ்வின், முதல் ஓவர், டக்கு. மறப்பேனா மாமா, அன்னிக்கு வீட்டுல பட்டாசு வெடிச்சோம்ல." பரீட்சையில பாஸ், பதில் எதிர் கட்சி பாடபுத்தகத்துலேர்ந்து.

இத எங்க கம்பெனி பஸ்ல ஒருத்தர்கிட்ட சொல்லி சிரிச்சேன். அத்திப்பள்ளியில ஏறுவாரு, கன்னடக்காரர், ரிட்டயர்மெண்ட் பக்கம், ரொம்ப பேச மாட்டாரு. "நீங்க எந்த வருஷத்துலேர்ந்து?"ன்னாரு. 2008-னு சொன்னேன், எப்பவும் சொல்ற மாதிரி. "அப்போ முதல் மேட்ச், மெக்கல்லம் 158, நம்ம டீம் 82 ஆல் அவுட், பார்த்தீங்களா?" கொஞ்ச நேரம் ஜன்னல பார்த்தேன். பார்க்கல. நான் ஒழுங்கா பார்க்க ஆரம்பிச்சதே 2009, ஃபைனல் வரைக்கும் போன சீசன், போகப்போறாங்கன்னு தெரிஞ்ச அப்புறம்தான்.

அவர் சிரிக்கல. 1974-ல ரஞ்சி செமிஃபைனல், பெங்களூர்ல, 15 வருஷம் தொடர்ந்து கப்ப விடாம வச்சிருந்த பம்பாய கர்நாடகா சாய்ச்சது, விஸ்வநாத் 162 அடிச்சது, பிரசன்னா கவாஸ்கர போல்டாக்கினது, சின்ன பையனா ரேடியோவுல கேட்டேன்னு பொம்மசந்திரா வர்ற வரைக்கும் சொன்னாரு. "இந்த சிவப்பு சட்டை எல்லாம் நேத்து வந்ததுங்க"ன்னாரு. நான் அன்னிக்கு போட்டிருந்தது அதே சட்டைதான்.