காரியத்துக்குப் பெரிய படம் போடக் கொண்டுவருகிறவர்கள் கவனத்துக்கு

செங்கோட்டையில் நான் வேலை செய்யும் போட்டோ லேபுக்கு, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் உள்ள ஆரியங்காவு, தென்மலை, புனலூர் ஆகிய ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். 1956 நவம்பரில்தான் இந்த ஊர் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முன்பிருந்தே பெண் கொடுத்ததும் எடுத்ததும் இரண்டு பக்கமும் இருப்பதால், கல்யாணப் படமானாலும் காரியத்துக்கான படமானாலும் இப்போது வாட்ஸ்அப் வழியாகவே மலை தாண்டி வருகிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

சென்ற ஆண்டு ஓர் அம்மா, தம் தகப்பனாரின் பதினாறாம் நாள் காரியத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, யாரோ ஸ்டேட்டஸில் வைத்திருந்த படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு வந்து, 12க்கு 18 அங்குல அளவில் ஃபிரேம் போட்டுத் தரச் சொன்னார். முகம் மங்கலாக இருப்பதை அவரும் அறிந்திருந்ததால், வீட்டுப் பையன் ஒருவன் ஏஐ செயலியில் போட்டுத் தெளிவாக்கிய படத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார். அதைக் கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிக் காட்டியதும் சற்று நேரம் பேசாமல் பார்த்தவர், "இது எங்க அப்பா மூஞ்சி இல்லியே அண்ணாச்சி" என்றார். இடது புருவத்தில் இருந்த தழும்பு மறைந்து போயிருந்தது. கண்ணிமையின் தொய்வும் இல்லை. படத்தில் இல்லாத விவரத்தை அத்தகைய செயலியால் மீட்டுத் தர முடியாது. வேறு முகங்களைக் கண்டு பழகியதை வைத்து அது புதிதாக வரைகிறது. இறந்தவரின் முகத்தில் அந்த வேலை கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

படத்தை எடுத்த போன் புனலூரில் அந்த அம்மாவின் தம்பியிடம் இருந்தது. நான் கேட்டுக்கொண்டபடி, அவர் அதை வழக்கமான போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பினார். நீளவாக்கில் 4032 பிக்சல் (படத்தை உண்டாக்கும் சிறு புள்ளிகள்), உயரத்தில் 3024 பிக்சல். மூன்று பேர் நின்ற அந்தப் படத்தில் பெரியவரின் தலையும் தோளும் மட்டும் வெட்டி எடுத்தபோது அகலம் 1300 பிக்சல் கிடைத்தது. 8க்கு 12 அளவில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 160 பிக்சலுக்குச் சற்று மேல் வரும். சுவரில் மாட்டி நாலடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அது போதும் என்று சொல்லி அளவைக் குறைக்கச் செய்தேன். இதே படம் வாட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் போட்டோவாக வந்திருந்தால் நீளம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கி, அதே பகுதிக்கு ஐந்நூற்றுச் சொச்சம் பிக்சல்தான் மிஞ்சியிருக்கும். 4க்கு 6 அளவுக்கு முழுப் படத்தையும் போடுவதானால் வாட்ஸ்அப் படமே ஓரளவு தாங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரிதாக்கும்போதும், கூட்டத்திலிருந்து ஒருவரை மட்டும் வெட்டி எடுக்கும்போதும்தான் அது கைவிடுகிறது.

அடுத்ததாக, தலை வெட்டுப்பட்டுப் போயிற்று என்ற புகார். பெரும்பாலான போன்கள் 4க்கு 3 என்ற விகிதத்தில் படம் எடுக்கின்றன. 4க்கு 6 தாளோ 3க்கு 2 விகிதம். தாள் முழுவதும் படம் நிறைய வேண்டுமானால் குறுகலான பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெளியே போயே தீரும். படுக்கை வாக்கில் எடுத்த குடும்பப் படத்தில் அந்தப் பங்கு பின்வரிசையின் தலையாகவோ முன்வரிசையின் காலாகவோ இருக்கும். ஆகவே எதை வெட்டலாம் என்று நீங்களே போனில் 3க்கு 2 விகிதத்தில் வெட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். மனம் வராவிட்டால் ஓரத்தில் வெள்ளை விட்டு அச்சிடச் சொல்லுங்கள். 6க்கு 8 தாளில் போன் படம் அப்படியே பொருந்தும். எந்த அளவானாலும் தாளின் விளிம்பில் வெள்ளைக் கோடு தெரியாமலிருக்க இயந்திரம் படத்தைச் சற்றுப் பெரிதாக்கும் என்பதால், பெயர், தேதி போன்ற எழுத்துகளை ஓரத்தை ஒட்டி வைக்கக் கூடாது.

போனில் பளிச்சென்று இருந்த படம் தாளில் இருண்டுவிட்டது என்ற புகாரையும், குறிப்பாகக் குற்றால சீசனில் எடுத்த படங்களுக்கு, அடிக்கடி கேட்கிறேன். திரை தானே ஒளி வீசுகிறது. தாள் தன்மேல் விழும் ஒளியைத்தான் திருப்பித் தருகிறது. திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து வைத்துப் பாருங்கள்; அப்போதும் முகம் தெளிவாகத் தெரிந்தால் அச்சிலும் தெரியும். கேமராவில் எடுப்பவர்கள் நிற அமைப்பை அடோப் ஆர்ஜிபி என்ற வகையில் வைத்திருந்தால், பொதுவாகப் புழங்கும் எஸ்ஆர்ஜிபி வகைக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். மாற்றாவிட்டால் பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பு சோர்ந்துபோய் வரும். ஐபோன் படத்தைச் சேமிக்கும் ஹெச்இஐசி (HEIC) வகைக் கோப்பை எல்லா லேப் கம்ப்யூட்டரும் திறக்காது என்பதால் வழக்கமான ஜேபெக் (JPEG) கோப்பாக மாற்றியே கொண்டுவாருங்கள்.

பழைய கறுப்பு வெள்ளைப் படம் மட்டுமே இருக்கிறதென்றால் அதைப் போனில் படம்பிடித்து அனுப்ப வேண்டாம்; கண்ணாடியின் பளபளப்பும் கை நிழலும் சேர்ந்து விழுந்துவிடும். ஃபிரேமிலிருந்து கவனமாகக் கழற்றி நேரில் கொண்டுவந்தால், 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து உங்கள் கண்முன்னே திருப்பித் தந்துவிடலாம். படம் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தால் பிய்க்க முயலாமல் ஃபிரேமோடு எடுத்துவாருங்கள். பிரிக்க முயன்று முகத்தின் பாதி கண்ணாடியிலேயே தங்கிவிட்ட படத்தை நான் கையில் வாங்கியிருக்கிறேன்.