நட்டு கழன்றும் சக்கரம் கழலாதது ஏன்?

“கார்ச் சக்கரத்தின் நட்டுகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். ஓங்கி உதைத்தும் சக்கரம் அசையவில்லை. எது அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. அலங்கார மூடிக்கு அடியில் நட்டு ஏதும் மிச்சம் இருக்கிறதா, திருட்டைத் தடுக்கத் தனிச் சாவியோடு வரும் நட்டு ஒன்று விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் கழன்றிருந்தால், பிடித்துக்கொண்டிருப்பது துரு. அது பிடிக்கும் விதம்தான் இந்தக் கேள்வியின் சுவையான பகுதி.

சக்கரத்தைத் தாங்கும் ஹப்பின் நடுவில் ஒரு வட்டமான விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தின் நடுத்துளை அந்த விளிம்பின் மேல் கச்சிதமாக உட்காரும். பல கார்களில் இதன் விட்டம் 54 மி.மீ. முதல் 67 மி.மீ. வரை. துளைக்கும் விளிம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். அவ்வளவு நெருக்கமாகக் கடைந்தால்தான் சக்கரம் சரியான மையத்தில் சுழலும், வேகத்தில் ஸ்டீயரிங் அதிராது. சக்கரம் சிக்கிக்கொள்வதற்கும் இதே நெருக்கம்தான் காரணம்.

இரும்பு துருவாக மாறும்போது ஆக்சிஜனையும் நீரையும் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது, அதனால் பருமன் கூடுகிறது. ஒரு மோல் (குறிப்பிட்ட எண்ணிக்கையிலான அணுக்கள்) இரும்பின் பருமன் சுமார் 7.1 கன செ.மீ. அதே இரும்பு கோதைட் என்ற துருவானால் சுமார் 20.9 கன செ.மீ. கிட்டத்தட்ட மூன்று மடங்கு! இப்போது இடைவெளி 0.1 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போடுவோம். ஹப்பின் விளிம்பில் 0.05 மி.மீ. இரும்பு அரித்தால், அது 0.15 மி.மீ. தடிமனுள்ள துருவாகிறது. இதில் 0.05 மி.மீ., அரித்துப்போன இரும்பு விட்டுச்சென்ற இடத்தை நிரப்பும். மீதி 0.1 மி.மீ. இடைவெளியை முழுதாக அடைத்துவிடும். தலைமுடியைவிட மெல்லிய அடுக்கு இரும்பு போனாலே போதும், வழி அடைபட்டுவிடும். அதற்கு மேலும் துரு வளர்ந்தால் இரு பக்கமும் தள்ள வேண்டியதுதான். அந்த அழுத்தம் தரும் உராய்வே சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கிறது.

அலுமினியக் கலவையில் செய்த அலாய் வீல் என்றால் இன்னொரு வேதிவினையும் சேர்கிறது. அலுமினியமும் எஃகும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவே உப்புக் கலந்த ஈரம் இருந்தால் அது ஒரு சின்ன மின்கலம். எலக்ட்ரானை எளிதில் இழக்கும் அலுமினியம் அந்த மின்கலத்தின் ஆனோடு என்ற முனையாகி அரிக்கிறது. ஒரு மோல் அலுமினியம் 10 கன செ.மீ., அது அலுமினியம் ஹைட்ராக்சைடாகும்போது சுமார் 32 கன செ.மீ. இங்கேயும் மூன்று மடங்குக்கு மேல். அலாய் வீலைக் கழற்றியதும் துளையின் ஓரத்தில் காணும் வெள்ளைப் பொடி இதுதான்.

நன்றாகக் காற்றுப் படும் வெளிப்புறத்தை விட்டுவிட்டு, ஒளிந்திருக்கும் இந்த இடுக்கு ஏன் இப்படி அரிக்கிறது? மெல்லிய இடுக்கு நுண்புழை ஈர்ப்பால் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், எளிதில் காயவும் விடாது. உள்ளே இருக்கும் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துபோகும், வாயிலில் மட்டும் புதிது புதிதாகக் கிடைத்துக்கொண்டிருக்கும். ஆக்சிஜன் குறைந்த பகுதி ஆனோடாகவும் நிறைந்த பகுதி எதிர்முனையான கேத்தோடாகவும் பிரிகின்றன. அரிப்பு நடப்பது ஆனோடில், அதாவது ஆக்சிஜன் இல்லாத உட்புறத்தில். நேர்மின் சுமை சேரச் சேர குளோரைடு அயனிகள் அங்கே இழுக்கப்படுகின்றன, நீர் அமிலமாகிறது, அரிப்பு இன்னும் வேகமெடுக்கிறது. கேம்பிரிட்ஜில் யு. ஆர். எவன்ஸ் 1920களில் ஒரே ஒரு உப்புநீர்த் துளியை இரும்பின் மேல் வைத்து இந்த ஆக்சிஜன் வேறுபாட்டைக் காட்டினார். துளியின் ஓரம் தப்பியது, நடுப்பகுதி அரித்தது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில்தான் அரிக்கும் என்பது முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும், ஆனாலும் வேதியியலில் இவ்வளவு எளிய கருவியில் இவ்வளவு ஆழமாகச் சொன்ன சோதனைகள் குறைவு. அரிப்பால் ஆகும் செலவு உலக உற்பத்தியில் ஏறத்தாழ 3.4 சதவீதம் என்று நேஸ் என்ற பன்னாட்டு அமைப்பு 2016இல் மதிப்பிட்டது. அப்படியிருந்தும் துருவை ஆராய்வது பழைய விஷயம், பளபளப்பில்லாத துறை என்ற எண்ணம் நிதி ஒதுக்குவோரிடம் இருக்கிறது. அது மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, கழற்றுவது எப்படி? இரு கைகளாலும் நேராக இழுப்பது வீண். நேராக இழுத்தால் வளையம் முழுவதும் ஒரே நேரத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும். துரு அழுத்தத்தைத் தாங்கும், ஆனால் நொறுங்கும் தன்மை உடையது. சாய்த்து ஆட்டினால் ஓர் ஓரத்தில் விரிசல் விடும், பிறகு அடுத்த ஓரம். ஆகவே நாம் தேடுவது நெம்புகோலை, அது டயரின் வடிவில் ஏற்கெனவே இருக்கிறது. டயரின் ஆரம் சுமார் 300 மி.மீ., ஹப் விளிம்பின் விட்டம் சுமார் 60 மி.மீ. டயரின் ஓரத்தில் தரும் விசை விளிம்பில் ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது.

முதல் முயற்சி, கார் தரையில் நிற்கும்போதே. சமதளம், கைப்பிரேக், எதிர் மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. சிக்கிய சக்கரத்தின் நட்டுகளை எல்லாம் திரும்ப மாட்டி, ஒரு சுற்று மட்டும் தளர்வாக விடுங்கள். கார் ஜாக்கியில் இருந்தால் முழுதாக இறக்கிவிட்டு, ஒருவர் பக்கத்தில் நின்று காரைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி ஆட்ட வேண்டும். 1,000 கிலோ காரில் ஒரு சக்கரத்தின் மேல் ஏறத்தாழ 250 கிலோ உட்கார்ந்திருக்கிறது. தரையின் பிடிப்பு டயரின் அடியை நிறுத்த, ஹப் பக்கவாட்டில் நகர முயலும், சக்கரம் சாயும். ‘டக்’ என்ற சத்தம் கேட்டால் வேலை முடிந்தது. டயரில் காற்று இருந்தால், கட்டைகளை எடுத்துவிட்டு ஓரிரு மீட்டர் மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தி பிரேக் பிடிக்கலாம். பஞ்சர் ஆன டயரில் இதைச் செய்யாதீர்கள், ரிம் கெட்டுவிடும். தளர்ந்த நட்டுகளோடு சாலையில் ஓட்டவே கூடாது, போல்ட்டின் மரை நசுங்கும்.

அதற்கும் மசியவில்லையா? காரைத் தூக்கி, ஆக்ஸில் ஸ்டாண்ட் என்ற உறுதியான தாங்கியின் மேல் நிறுத்துங்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் காரில் சக்கரத்தை உதைப்பது உயிருக்கு ஆபத்து. நட்டுகளை மூன்று மரை அளவுக்குத் திருப்பி மாட்டிவையுங்கள். சக்கரம் திடீரென்று கழன்றாலும் மேலே வந்து விழாது. டயரின் அடிப்பக்கத்தைக் காலால் உதையுங்கள், பிறகு மேலே, பிறகு இடம், வலம். பலிக்காவிட்டால் டயரின் உட்பக்கச் சுவரில் ஒரு மரக்கட்டையை வைத்து 2 கிலோ சுத்தியலால் அடிக்கலாம். கை மட்டும் உள்ளே போகட்டும், உடம்பு காருக்கு அடியில் போகக் கூடாது. சுத்தியல் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வந்து நூறில் ஒரு நொடியில் நின்றால் சராசரி விசை 1,000 நியூட்டன். நெம்புகோலின் ஐந்து மடங்கைச் சேர்த்தால் விளிம்பில் 5,000. ரிம்மில் நேரடியாக அடித்தால் அலாய் விரிசல் விடலாம், பிரேக் டிஸ்க்கில் அடித்தால் அது வளையலாம்.

துருவில் ஊடுருவும் எண்ணெய் உதவும், இடம் தெரிந்து அடித்தால். நடு மூடியைக் கழற்றி, துளைக்கும் விளிம்புக்கும் இடையே சில துளிகள் விட்டு 20 நிமிடம் காத்திருங்கள். நீரை இழுத்த அதே நுண்புழை ஈர்ப்பு எண்ணெயையும் உள்ளே இழுக்கும். டிஸ்க்கிலோ பிரேக் பேடிலோ ஒரு துளியும் படக் கூடாது. அலாய் வீலுக்கு வெந்நீரும் நல்ல வழி. அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 60 மி.மீ. துளை 60 டிகிரி சூடேறினால் சுமார் 0.08 மி.மீ. பெரிதாகும். ஹப் சூடேறுவதற்குள் ஆட்டிவிட வேண்டும். கேஸ் பர்னர் மட்டும் வேண்டாம், சூட்டில் டயர் வெடிக்கும், பேரிங்கின் கிரீஸ் உருகும். கோலா பானத்தை ஊற்றினால் துரு கரையும் என்ற நம்பிக்கையும் பரவியிருக்கிறது. அதில் பாஸ்பாரிக் அமிலம் இருப்பது உண்மை, ஆனால் மிக நீர்த்தது. இடுக்கில் சர்க்கரைப் பிசுக்கும் ஈரமும்தான் மிஞ்சும்.

கழன்றதும் அப்படியே திரும்ப மாட்டினால் சில மாதங்களில் மறுபடி இதே கதைதான். விளிம்பையும் துளையையும் கம்பி பிரஷ்ஷாலும் 80ஆம் எண் உப்புத்தாளாலும் உலோகம் தெரியும் வரை தேயுங்கள். ஹப்பின் தட்டையான முகத்தில் செதில் துரு இருந்தால் அதையும் எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் சற்றுச் சாய்ந்து உட்காரும். விளிம்பில் மட்டும், உலோகங்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் செராமிக் பசையை மெல்லிய படலமாகத் தடவுங்கள். தட்டை முகத்திலும் போல்ட் மரையிலும் வேண்டாம். சக்கரத்தை ஹப்போடு நிறுத்திவைப்பது நட்டுகளின் இறுக்கத்தால் வரும் உராய்வு. 12 மி.மீ. போல்ட்டை 100 நியூட்டன் மீட்டருக்கு உலர்வாக முறுக்கினால் ஏறத்தாழ 42,000 நியூட்டன் இழுவிசை கிடைக்கும். மரையில் எண்ணெய் இருந்தால் அதே முறுக்கில் அது 55,000க்குப் போய், போல்ட் நீண்டு பலவீனமாகலாம்.

நட்டுகளை எதிரெதிராக, இரண்டு சுற்றாக இறுக்குங்கள். பல கார்களுக்கு 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும், உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவே சரி. இறுதி முறுக்கை டயர் தரையைத் தொட்ட பிறகு, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் கொடுங்கள். 80 முதல் 100 கி.மீ. ஓடியதும் இன்னொரு முறை சோதியுங்கள். இடுக்கில் மிச்சமிருந்த துருத்தூள் நசுங்கி, நட்டு சற்றுத் தளர்ந்திருக்க வாய்ப்புண்டு.