ஒரு பை மரக்கரி எத்தனை மணி நேரம் தாங்கும்?

வீட்டுக் கொல்லையில் இறைச்சிக்குப் புகை போடத் தொடங்கும் குடும்பங்கள் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். டெக்சாஸில் புகையடுப்பை நம்பிப் பிழைப்பவன் நான். பையின் எடையைச் சொன்னால் என்னால் பதில் சொல்ல முடியாது; அடுப்புக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று சொல்லுங்கள்.

கமாடோ என்னும் முட்டை வடிவச் செராமிக் அடுப்புக்குச் சுவர் தடிமன், மூடி இறுக்கம். அதில் கரியை நிறையக் கொட்டி, காற்றுத் துளைகளைக் கீற்றளவே திறந்து, 225 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 107 டிகிரி செல்சியஸில் நிறுத்தினால் 12 மணி நேரம் எளிதாகத் தாங்கும்; 18 மணி நேரம்கூடப் போவதுண்டு. மெல்லிய இரும்புத் தகட்டால் ஆன உருண்டை கெட்டில் அடுப்பில் நான்கைந்து மணி நேரத்திலேயே கரி தளர்ந்துவிடும். மூடியை அடிக்கடி திறந்து பார்ப்பவர் வீட்டில் அதுவும் நிற்காது. ஒவ்வொரு முறையும் புதுக்காற்று புகுந்து கங்கு சீறும், கரி வீணாகும்.

கரியின் உருவமும் முக்கியம். பையின் அடியில் தங்கும் தூளும் நொறுங்கலும் காற்றின் வழியை அடைத்துத் தீயைத் திணறடிக்கும். அதனால் பையை அப்படியே கவிழ்க்காமல், கைப்பிடியளவுத் துண்டுகளை அடியில் அடுக்கிச் சிறியவற்றை மேலே போடுங்கள். அச்சில் அழுத்திய பிரிக்கெட் கரி ஒரே சீராக எரியும். ஆனால் சாம்பல் அதிகம். நீண்ட சமையலுக்கு நான் மரக்கரியை விரும்புவது அதனால்தான். ஓக் கரி நிதானமாக எரியும். மெஸ்கீட் கரி பொறி தெறிக்கும், கிட்டே குனியாதீர்கள். இராமநாதபுரத்தில் கரிக்காக மூட்டம் போடும் சீமைக்கருவேலம் இந்த மெஸ்கீட்டுக்கு நெருங்கிய உறவு.

இத்தனை நேரக் கணக்கு எதற்கு? பிரிஸ்கெட் எனப்படும் மாட்டின் நெஞ்சுக்கறி வேக 12 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். உள்வெப்பம் 65 முதல் 75 டிகிரி செல்சியஸுக்குள் வந்ததும், ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர்விப்பதால், மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். பெரும்பாலும் நள்ளிரவில் வரும் கட்டம் அது. கரி அப்போது அணைந்தால் கறி மெல்ல ஆறி, கிருமிகள் பெருகும் 60 டிகிரிக்குக் கீழே இறங்கும். மேற்புறம் கறுத்து மணப்பதால் வெந்ததுபோலவே தோன்றும். நம்பாதீர்கள். கறிக்குள் ஒரு வெப்பமானி, அடுப்புக்குள் ஒரு வெப்பமானி, இரண்டுக்கும் எச்சரிக்கை மணி: இந்தச் செலவில் கஞ்சம் பார்க்கக் கூடாது. கோழியானால் உள்ளே 74 டிகிரியைத் தொட்டே ஆகவேண்டும்.

தீ தளர்வது தெரிந்தால், தனியே பற்றவைத்த கரியைச் சேருங்கள். பற்றவைக்காத கரியைக் குவித்தால் வெண்புகை கிளம்பிக் கறி கசக்கும். அவசரமென்றால் கறியைச் சமையலறையில் உள்ள ஓவனுக்கு மாற்றிவிடுங்கள். புகை ஏற்கெனவே ஏறியிருக்கும், ருசி போய்விடாது. தீ எப்போது அணைந்தது என்றே தெரியாமல் கறி ஆறிக் கிடந்தால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் எறிந்துவிடுங்கள்.

சமையல் முடிந்த பிறகும் கரி முடிவதில்லை. நீறு பூத்த நெருப்பு பல மணி நேரம் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் மின்சாரம் போனபோது, குளிர்காயக் கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுபோன குடும்பங்கள் டெக்சாஸில் இந்த நஞ்சால் பாதிக்கப்பட்டன. மழை வந்தாலும் கராஜுக்குள் அடுப்பை உருட்டாதீர்கள். கதவைத் திறந்து வைத்தாலும் அது பாதுகாப்பில்லை. அருகில் இருப்பவருக்குத் தலைவலி, குமட்டல், மயக்கம் வந்தால் உடனே திறந்த வெளிக்குக் கூட்டிச் சென்று, அமெரிக்க அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள்.

அடுப்பை அணைக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். செராமிக் விரிசல் விடும். எல்லாத் துளைகளையும் மூடினால் போதும், மிஞ்சிய கரி அடுத்த முறைக்கு உதவும். சாம்பலை இரண்டு நாள் ஆறவிட்டு, மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, வீட்டுச் சுவரையும் மரத் தளத்தையும் விட்டுத் தள்ளி வையுங்கள்.